தோட்டத்தில் தொற்று பரவினால் எந்த ஆய்வைத் தேர்வது?

ஒரே தேயிலைத் தோட்டத்தின் ஒரே டிவிசனைச் சேர்ந்த மூவர், ஒரு வாரத்துக்குள் செங்கண்மாரியுடன் ஆதார வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சையளிக்கும் வைத்தியர் எச்-544 அறிவித்தல் படிவத்தை நிரப்பி அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குச் சென்று விசாரித்து, வைத்தியசாலைக்கே போகாமல் கைமருந்தோடு படுத்திருக்கும் நான்காமவரையும் ஐந்தாமவரையும் கண்டறிகிறார். வார முடிவில் எச்-399 அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. இலங்கையின் நோய்க் கண்காணிப்பு ஒழுங்கு இந்த அளவு வரை பெரும்பாலும் தன் பாட்டில் நடந்துவிடும். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதல் இன்றைய வாராந்தத் தொற்றுநோயியல் அறிக்கை வரை அதற்கு நீண்ட பழக்கமும் உண்டு. சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நோய் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க எந்த வகை ஆய்வைச் செய்வது, கையில் இருக்கும் சில ஆட்களையும் சில நாட்களையும் எதில் செலவிடுவது என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

அவர் முன்னால் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. டிவிசனில் உள்ள எல்லோரையும், நோயுற்றவர் நோயுறாதவர் என்ற வேறுபாடின்றி விசாரித்து, எந்தப் பிரிவினருக்கு நோய் கூடுதலாக வந்தது என்று கணக்கிடுவது முதலாவது வழி. இதைத் தொற்றுநோயியலாளர் பின்னோக்கிய கோஹோர்ட் ஆய்வு என்பர். நான் இங்கே முழுக்குழு ஆய்வு என்று எழுதுகிறேன். நோயுற்றவர்களையும், அதே இடத்தில் வாழ்ந்தும் நோயுறாத சிலரையும் மட்டும் தெரிந்தெடுத்து, இரு சாராரின் பழக்கங்களையும் ஒப்பிடுவது இரண்டாவது. இதனை நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு எனலாம். தண்ணீர், உணவு, மலம், இரத்தம் ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அதன் விடைக்காகக் காத்திருப்பது மூன்றாவது. மலையகத்தில் மூன்றாவதுதான் இயல்பான முதல் எண்ணமாக எழுகிறது. முதலாவது மிகவும் குறைவாகவே நினைக்கப்படுகிறது. தோட்டத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் கீழே எடுத்துரைக்கிறேன்.

ஆய்வுகூடத்தை முதலில் பார்ப்போம். அதன் பலம் மறுக்க முடியாதது. கிருமி எது என்று தெரியாமல் செய்யப்படும் எந்த ஆய்வும் பாதி இருளிலேயே நடக்கிறது. அது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெப்படைட்டிஸ் ஏ-யா, ஈ-யா, எலிக்காய்ச்சலின் விளைவாக வந்த மஞ்சள் நிறமா என்பதை இரத்தப் பரிசோதனைதான் தீர்த்துவைக்கும். எலிக்காய்ச்சல் என்றால் விசாரணையின் திசையே தண்ணீர்த் தொட்டியிலிருந்து வயலுக்கும் காணுக்கும் (வடிகாலுக்கும்) மாறிவிடும். ஆகவே முதல் நாளிலேயே சில நோயாளரிடமிருந்து இரத்த மாதிரி எடுத்து அனுப்புவதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் நோயை அடையாளம் காண்பது ஒன்று, நோயின் மூலத்தை அடையாளம் காண்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆய்வுகூடத்தை மட்டும் நம்பியிருப்பது, பல நோய்களில் காலம் கடந்துபோன காரியமாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் நோயரும்பு காலம். ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் உடலுக்குள் நுழைந்ததிலிருந்து அறிகுறி தோன்ற 15 முதல் 50 நாட்கள் ஆகலாம். சராசரி 28 நாட்கள். இன்று கண் மஞ்சளாகிப் படுத்திருப்பவர் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் குடித்த தண்ணீரால் நோயுற்றிருக்கிறார். இடையில் தென்மேல் பருவமழை எத்தனை முறை அந்த ஊற்றைக் கழுவிக்கொண்டு போயிருக்கும்? இன்று ஊற்றுநீர் விழும் பீலியில் பிடிக்கும் போத்தலில் மலக்கிருமி இல்லை என்று அறிக்கை வந்தால், அதிலிருந்து சென்ற மாதத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. மாறாக, இன்று மலக்கிருமி இருக்கிறது என்று வந்தாலும் அது முடிவான சான்றல்ல. மழை பெய்த மறுநாள் மூடப்படாத மலையூற்று எதிலும் அது இருக்கக்கூடும். மேலும் வழமையான தண்ணீர்ப் பரிசோதனை தேடுவது மலக்கலப்பைக் காட்டும் கோலிபோம் பக்டீரியாக்களையே, வைரஸை அல்ல. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, இயன்றால் 6 மணிநேரத்துக்குள்ளும், மிஞ்சிப்போனால் 24 மணிநேரத்துக்குள்ளும் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும் என்ற நியதியை, மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள ஒரு மேற்பிரிவிலிருந்து கடைப்பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பதை அந்தப் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நோயரும்பு காலம் குறுகியதானால் நிலைமை வேறு. கோவில் அன்னதானத்துக்குப் பிறகு சில மணிநேரத்திலேயே பலர் வாந்தியெடுத்தால், அங்கே ஸ்டெபிலோகொக்கஸ் நச்சு இருக்கலாம். அது அரை மணிநேரம் முதல் 8 மணிநேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். சட்டியில் மிஞ்சியிருக்கும் சாதமும் பொங்கலும் அப்போது நேரடிச் சான்று. அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு முன் மாதிரி எடுத்துவிட வேண்டும். வயிற்றுளைவுக்குக் காரணமான ஷிகெல்லா பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களில் வெளிப்படும். மலமாதிரியை உரிய கடத்தும் ஊடகத்தில் வைத்து விரைவாக அனுப்பினால் விடை கிடைக்கும். நெருப்புக் காய்ச்சலோ 6 முதல் 30 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆய்வுகூடத்தின் பயன் கிருமியின் இந்த இடைவெளியைப் பொறுத்தே கூடியும் குறைந்தும் வருகிறது. ஒன்றை இங்கே நினைவுபடுத்தலாம்: 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டில் கலந்துகொண்டவர்களிடையே பரவிய நிமோனியாவுக்குக் காரணமான பக்டீரியா 1977 ஜனவரியில்தான் கண்டறியப்பட்டது. அதுவரை யாருக்கு வந்தது, எங்கே தங்கியிருந்தார்கள் என்ற கள விசாரணையைக் கொண்டே புலனாய்வாளர்கள் நகர வேண்டியிருந்தது.

இனி மற்ற இரண்டு வழிகள். இவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒரு கற்பனைக் கணக்கில் தெளிவாகும். ஒரு டிவிசனில் 300 பேர் வசிக்கிறார்கள். 120 பேர் மேல் லயத்துக்குப் பின்னாலுள்ள பீலியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். 180 பேர் தொட்டியிலிருந்து குழாய் வழியே பெறுகிறார்கள். பீலிக்காரரில் 24 பேருக்கும், குழாய்க்காரரில் 6 பேருக்கும் செங்கண்மாரி. முழுக்குழு ஆய்வில் எல்லோரையும் கேட்டுவிட்டால், பீலியில் தாக்கு வீதம் (நோயுற்றவர்களின் பங்கு) 20 சதவீதம், குழாயில் 3.3 சதவீதம், அபாய விகிதம் (முன்னையது பின்னையதன் எத்தனை மடங்கு என்பது) 6 என்று நேரடியாகச் சொல்லலாம். தோட்ட நிர்வாகிக்கும், லயத்தில் வசிப்பவருக்கும் இது உடனே விளங்கும்: அந்தப் பீலியில் குடித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் வந்திருக்கிறது.

அதே டிவிசனில் நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு செய்தால், 30 நோயாளரையும் நோயற்ற 60 பேரையும் கேட்டால் போதும். நோயற்ற 270 பேரில் 96 பேர் பீலிக்காரர். ஒழுங்காகத் தெரிந்தெடுத்தால் 60 ஒப்பீட்டாளரில் ஏறத்தாழ 21 பேர் பீலிக்காரராக அமைவார்கள். அப்போது கிடைப்பது அபாய விகிதம் அல்ல, வாய்ப்பு விகிதம்; அதாவது நோயாளரில் குழாய்க்காரருக்குப் பீலிக்காரர் எத்தனை மடங்கு என்பதை, ஒப்பீட்டாளரில் உள்ள அதே மடங்கால் வகுத்தால் வருவது. அது ஏறத்தாழ 7.4 என்று வரும். நோய் அரிதாக இருந்தால் இரண்டு எண்களும் நெருங்கிவரும். நோய் பரவலாக இருந்தால் வாய்ப்பு விகிதம் உண்மையை ஊதிக் காட்டும். திசையில் பிழையில்லை, அளவில்தான் மிகை. ஆனால் பீலியில் குடித்தவர்களில் எத்தனை சதவீதத்தினருக்கு நோய் வந்தது என்ற கேள்விக்கு, தெரிந்தெடுத்த 90 பேரின் விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது. செலவைப் பார்த்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. ஒருவரிடம் பேச 15 நிமிடம் என்று வைத்தாலும் 300 பேருக்கு 75 மணிநேரம், 90 பேருக்கு இருபத்திரண்டரை மணிநேரம். ஐந்து பேர் விசாரித்தால் முன்னையது மூன்று நாள் வேலை. பின்னையது ஒரு நாளில் முடியும்.

எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதே சிக்கனம். இருந்தும் தோட்டத்துக்கு முதலாவதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் செக்ரோல் எனப்படும் தோட்டத்தின் வேலை வரவுப் பேரேடு. மலையகத்துக்கு வெளியே உள்ள ஆய்வாளர்கள் இதன் பெறுமதியை எளிதில் உணர்வதில்லை. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்த ஒவ்வொருவரின் பெயரும் நாள்தோறும் பதிவாகிறது. எந்தக் குழு எந்த மலையில் கொழுந்தெடுத்தது, யார் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்தார், யார் காண் வெட்டப் போனார் என்பதும், கொழுந்து நிறுத்த கணக்கும் எழுத்தில் இருக்கின்றன. முழுக்குழு ஆய்வுக்கு இரண்டு பெரும் தடைகள் உண்டு: யார் யார் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்ற முழுப் பட்டியல் கிடைக்காதது ஒன்று, ஒரு மாதத்துக்கு முன் அவர்கள் எங்கே என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவில் இல்லாதது மற்றொன்று. இரண்டையும் இந்தப் பேரேடு நீக்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, அந்தப் பதிவுகள் நோய் வருவதற்கு முன்பே, நோயைப் பற்றி எந்த எண்ணமும் இல்லாத ஒருவரால் எழுதப்பட்டவை. நோயுற்றவர் காரணத்தைத் தேடித் தன் நினைவைக் கிளறுவதும், நோயுறாதவர் அசட்டையாகப் பதில் சொல்வதும் நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வின் நிரந்தரப் பலவீனம். பேரேட்டுக்கு அப்படி ஒரு சாய்வு இல்லை.

நினைவை நம்புவதன் விலை என்ன என்பதற்கு ஜெர்மனியின் 2011ஆம் ஆண்டு அனுபவம் சான்று. ஈ.கோலை ஓ104 வகைப் பரவலில் ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொடக்க கால ஒப்பீடுகளில் தக்காளி, வெள்ளரி, சலாது இலை ஆகியவற்றின் மீது ஐயம் விழுந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயின் மீது பழி சுமத்தப்பட்டு அந்நாட்டு விவசாயிகள் பெரும் நட்டமடைந்தார்கள். உண்மையான காரணம் முளைத்தானியம். சலாதின் மேல் தூவப்பட்டிருந்த சிறிதளவு முளையைச் சாப்பிட்டவர்களில் பலருக்கு அது நினைவிலேயே இல்லை. பின்னர் ஓர் உணவகத்தில் உண்ட குழுக்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் நினைவைக் கேட்காமல், எந்த உணவுக்கு ஓடர் கொடுத்தார்கள் என்பதையும் சமையலறையில் அந்த உணவில் எவை சேர்க்கப்பட்டன என்பதையும் வைத்துக் கணக்கிட்டபோது, முளை பரிமாறப்பட்டவர்களுக்கு அபாயம் ஏறத்தாழ 14 மடங்கு என்று வெளிப்பட்டது. உணவகத்தில் சமையற்குறிப்பு செய்ததைத் தோட்டத்தில் செக்ரோலும் கொழுந்துக் கணக்கும் செய்யக்கூடும்.

முழுக்குழு ஆய்வின் பாடநூல் உதாரணமும் ஒரு விருந்துதான். 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வேகோ பகுதியில் ஒரு தேவாலய இரவு விருந்துக்குப் பின் விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேர் நோயுற்றிருந்தார்கள். வனிலா ஐஸ்கிறீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கும், சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கும் மட்டுமே நோய். மற்ற எந்தப் பண்டத்துக்கும் இப்படியொரு இடைவெளி கிடைக்கவில்லை. வேலைத்தளத்தைப் பொறுத்தவரை இதைவிடப் பழைய உதாரணமும் உண்டு. 1854இல் இலண்டனின் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ அந்த வீதியின் இரண்டு வேலைத்தளங்களைக் குறித்துவைத்தார். வெடிமூடித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 200 பேர் வேலை செய்தார்கள்; தெருப் பம்பியின் தண்ணீர் இரண்டு தொட்டிகளில் அவர்களுக்காக நிரப்பி வைக்கப்பட்டிருந்தது; 18 பேர் இறந்தார்கள். அருகிலிருந்த மது வடிசாலையில் 70க்கு மேற்பட்டோர் வேலை செய்தும் வாந்திபேதியால் எவரும் இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்பியின் தண்ணீரைக் குடிக்கவில்லை. நோயுற்றவர்களை மட்டும் விசாரித்திருந்தால் வடிசாலைக்குள் எவரும் கால் வைத்திருக்கவே மாட்டார்கள்.

செக்ரோலைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதன் ஓட்டைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, செக்ரோலில் உள்ளவர்கள் வேலையாட்கள். லயத்தில் வசிப்பவர்கள் அல்ல. பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போய்த் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வந்துபோகிறவர்கள், நகரத்துக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் ஆகிய எவரும் அதில் இல்லை. அண்மைக் காலத்தில் தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை நிறுத்துப் பணம் கொடுக்கும் முறை பரவிவரும் இடங்களில், வேலை செய்பவர்களின் பெயர்கள்கூட நாட்சம்பளப் பதிவிலிருந்து மறைந்துபோகின்றன. எனவே குடும்ப நல உத்தியோகத்தரின் பதிவேட்டையும், பிள்ளைக் காம்பிராவின் (குழந்தைகள் காப்பகத்தின்) வரவையும், தேவைப்பட்டால் லயம் லயமாக நடந்து எடுத்த புதிய கணக்கையும் செக்ரோலோடு சேர்த்தால்தான் பட்டியல் முழுமை பெறும்.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. வெளியாட்கள் எளிதில் ஏமாந்துபோகும் இடமும் அதுவே. வேலைக்கு வராதவர்களை நோயாளர் என்றும், வந்தவர்களைச் சுகதேகி என்றும் செக்ரோலை வைத்து ஊகிக்கக் கூடாது. ஒரு நாள் வராவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். எடை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் மலைக்குப் போகிறவர்கள் ஏராளம். செக்ரோல் குழுவின் எல்லையையும் அவர்கள் இருந்த இடத்தையும் சொல்லும். யார் நோயுற்றார் என்பதை ஆளை நேரில் கண்டு, முன்கூட்டியே எழுதிவைத்த நோயாளர் வரைவிலக்கணத்தின்படி கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவது, ஹெப்படைட்டிஸ் ஏ போன்ற நோயில் நோயுறாதவர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தொற்று ஏற்பட்டாலும் பெரும்பாலும் அறிகுறியே தோன்றுவதில்லை; கழிப்பிட வசதி குறைந்த சூழலில் வளர்ந்த முதியவர்கள் சிறு வயதிலேயே தொற்றுக்கு உள்ளாகி எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கக்கூடும். இவ்விரு சாராரையும் நோயற்றோர் பக்கத்தில் போட்டால் தாக்கு வீதம் இரு பக்கமும் சரிந்து, பீலிக்கும் குழாய்க்குமான வேறுபாடு மங்கிவிடலாம். வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிடுவதே குறைந்தபட்சப் பரிகாரம். வசதியிருந்தால் ஒரு பகுதியினரின் இரத்தத்தில் அண்மைத் தொற்றையும் பழைய தொற்றையும் பிரித்தறியும் பரிசோதனையைச் செய்யலாம். இங்கே ஆய்வுகூடம் மீண்டும் பயனுள்ள துணையாக வந்து சேர்கிறது.

கேள்விகளை எப்படி அமைப்பது என்பதும் வழியைத் தேர்வதோடு பிணைந்ததே. நான்கு வாரத்துக்கு முன்னைய செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எவராலும் உண்மையாகப் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு எங்கே தண்ணீர் பிடிப்பது வழக்கம், மலைக்குப் போகும்போது போத்தலை எங்கே நிரப்புவீர்கள், தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பழக்கம் உண்டா, குழாய் வற்றினால் எங்கே போவீர்கள் என்பவை பழக்கத்தைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்குப் பதில் நிலையானது. நோயரும்பு காலம் நீண்ட நோய்களில் பழக்கத்தைக் கேட்பதும், குறுகிய நோய்களில் நிகழ்வைக் கேட்பதும் பொருத்தம். கேட்கும் இடமும் கவனத்துக்குரியது. கணக்கப்பிள்ளையோ கங்காணியோ பக்கத்தில் நிற்கும்போது, மலையில் குடிதண்ணீர் வைக்கப்படுவதில்லை என்றோ மலையில் கழிப்பிடம் இல்லை என்றோ ஒரு பெண் தொழிலாளி சொல்லமாட்டார். வேலை முடிந்த பின் வீட்டு வாசலில், தமிழ் பேசும் ஒருவர், இயன்றவரை ஒரு பெண், கேட்டால் கிடைக்கும் விடையே வேறு. மொழிபெயர்ப்பாளரை இடையில் வைத்து நடத்தும் விசாரணை எந்த ஆய்வு வடிவத்தையும் கெடுத்துவிடும் என்பதை வடிவமைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு எங்கே மேலானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லை தெரியாத மக்கள் கூட்டத்தில் அதுவே ஒரே வழி. கம்பளையில் 2007இல் ஹெப்படைட்டிஸ் ஏ பரவியது போன்ற நகரப் பரவலில், அந்த நகரத்தில் தண்ணீர் குடித்தவர் யார் என்ற பட்டியலை எவராலும் தர முடியாது. பாடசாலைப் பிள்ளைகள், பஸ் பயணிகள், சந்தைக்கு வந்தவர்கள் என எல்லோரும் அதில் அடங்குவார்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் சாப்பாட்டுக் கடைகளோடு தொடர்புபட்ட நெருப்புக் காய்ச்சலும் அப்படித்தான். நோயாளர் மிகச் சிலராக, பல தோட்டங்களில் சிதறியிருந்தால் ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டு இருபது நோயாளரைக் கண்டுபிடிப்பது வீண். அப்போது ஒரு நோயாளருக்கு இரண்டு முதல் நான்கு ஒப்பீட்டாளர் என்ற அளவில் தெரிந்தெடுக்கலாம். நான்குக்கு மேல் கூட்டுவதால் கிடைக்கும் துல்லியம் சொற்பம். ஒப்பீட்டாளரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. நோயாளரின் பக்கத்து வீட்டுக்காரரை ஒப்பீட்டாளராக எடுத்தால் இருவரும் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்திருப்பார்கள். நாம் தேடும் வேறுபாட்டையே நாம் அழித்துவிட்டிருப்போம். முதுகோடு முதுகாக ஒட்டிய லய அறைகளில் இந்தத் தவறு மிகவும் எளிதாக நேரும். வைத்தியசாலையின் வேறு நோயாளரை எடுத்தால் அவர்கள் வேறு ஊர்க்காரராக இருப்பார்கள். அதே டிவிசனின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுப்பதே முறை. அந்தப் பட்டியல் கையில் இருந்துவிட்டால், டிவிசன் சிறியதானால், எல்லோரையுமே கேட்டுவிடலாமே என்ற இடத்துக்குத்தான் வாதம் மீண்டும் வந்து சேர்கிறது.

ஆடைத் தொழிற்சாலை போன்ற வேலைத்தளங்களில் முழுக்குழு ஆய்வு இன்னும் எளிது. வரவு கைரேகைப் பொறியில் பதிவாகிறது. எந்த வரிசையில் எவர் அமர்ந்தார், எந்த முறையில் உணவு உண்டார், எந்தப் பஸ்ஸில் வந்தார் என்பவை நிர்வாகத்திடம் இருக்கும். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வெளிப்பட்டபோது ஒரே வேலைத்தளத்தில் தொற்றியவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஆளிலிருந்து ஆளுக்குப் பரவும் கொவிட்-19, சின்னம்மை போன்றவற்றில், மூலத்தைத் தேடுவதைவிட எந்தப் பிரிவில், எந்த விடுதியில், எந்தப் பஸ்ஸில் வீதம் கூடியது என்று பார்ப்பதே தடுப்புக்கு வழிகாட்டும். தேயிலை ஸ்டோரிலும் இதே கணக்கு செல்லும். ஆனால் அங்கே வேலை செய்கிறவர் இரவில் லயத்தில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் உறங்குகிறார் என்றால், வேலைத்தளப் பரவலையும் வீட்டுப் பரவலையும் பிரித்தெடுப்பதற்கு முதல் நோயாளருக்குப் பின் அதே வீட்டில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் வந்தது என்பதைத் தனியே குறிக்க வேண்டியிருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அதன் முடிவுக்காகத் தடுப்பு நடவடிக்கை காத்திருக்கக் கூடாது. நோயாளரின் பெயர், வயது, லயம், அறிகுறி தோன்றிய நாள் ஆகியவற்றின் பட்டியலும், நாள்வாரி வரைபும், லயங்களையும் ஊற்றுகளையும் கழிப்பிடங்களையும் கையால் வரைந்த படமும் முதல் மாலையே தயாராகிவிடும். ஊற்றுக்கு மேலே கழிப்பறைக் குழி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் அபாய விகிதம் எதற்கு? தொட்டிக்குக் குளோரின் இட்டு, அரை மணிநேரத்துக்குப் பின் எச்சக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டியதுதான். தொட்டியே இல்லாத பீலிகளில் கொதிக்கவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் கிருமி சாகாது என்று சிலர் அஞ்சுவதுண்டு. அந்த வெப்பம் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸுக்குத் தாராளமாகப் போதும். விறகு வாங்கவும் காஸ் வாங்கவும் காசு போதாமை அதைவிடப் பெரிய பிரச்சினை. கொதித்த தண்ணீரை மலைக்கு எடுத்துவரும் பொறுப்பைத் தோட்டம் ஏற்பதுதான் தீர்வு. ஐந்து ஆறு நோயாளரோடு பரவல் நின்றுவிட்டால் எந்த விகிதத்தையும் கணக்கிடாமல் விட்டுவிடுவதே நல்லது. அத்தனை சிறிய எண்களுக்குப் புள்ளிவிவர ஆடை உடுத்துவதில் பொருளில்லை.

ஒரு பரவலை அடக்குவதற்கும், மலையகத்தில் ஏன் செங்கண்மாரி திரும்பத் திரும்ப வருகிறது என்று அறிவதற்கும் இடையே தூரம் அதிகம். பின்னைய கேள்விக்கு ஒரு டிவிசனின் முழுக்குழு ஆய்வு விடை தராது. குழாய் நீர்த் திட்டம் வந்த தோட்டங்களையும் வராத தோட்டங்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும், அல்லது பல சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளிலிருந்து நோயாளரையும் ஒப்பீட்டாளரையும் சேர்க்க வேண்டும். மாவட்ட மட்டத்துச் சராசரிகளை மட்டும் ஒப்பிட்டு, இந்த மாவட்டத்தில் கழிப்பறை குறைவு ஆகவே நோய் கூடுதல் என்று எழுதுவது வேகமானதும் மலிவானதுமான வழி. ஆனால் நோயுற்றவர்கள்தாம் கழிப்பறை இல்லாதவர்களா என்பதை அது ஒருபோதும் காட்டாது. பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் இந்த வகை வேலைக்கு வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் அது ஆராய்ச்சி, அவசரக் கடமை அல்ல என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்பவரின் எழுத்து மூலச் சம்மதமும் முதலில் வர வேண்டும். பரவல் நேரத்தில் நோயறிவதற்கென்று எடுத்த இரத்தத்தைச் சொல்லாமல் சேமித்துவைத்து வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவது முறையல்ல.

செக்ரோலைச் சார்ந்த ஆய்வுக்கு இதில் தனியான ஒரு கடப்பாடும் உண்டு. பேரேடு தோட்ட நிர்வாகத்தின் ஆவணம். அதன் பிரதியில் ஆய்வாளர் நோய் விவரங்களைக் குறித்த கணத்திலிருந்து அது தொழிலாளியின் அந்தரங்க ஆவணமாகிவிடுகிறது. பெயர்களுக்குப் பதிலாக இலக்கங்களை இட்டு, இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் தாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலேயே பூட்டிவைத்து, நிர்வாகத்துக்கு லயவாரியான கூட்டுத்தொகையை மட்டும் கொடுக்க வேண்டும். யார் நோயோடு வேலைக்கு வந்தார், யார் மலையில் குடிதண்ணீர் இல்லை என்று சொன்னார் என்பவை அந்தக் கூட்டுத்தொகையில் தெரியக் கூடாது. இந்த உறுதியை விசாரணை தொடங்கும் முன்னரே தொழிற்சங்கத் தலைவர்களிடமும் லயங்களிலும் தமிழில் சொல்லிவிட வேண்டும். இந்த உறுதிக்கு நிர்வாகம் இணங்காத தோட்டத்தில், கணக்கு எவ்வளவு துல்லியமாக வரும் என்றிருந்தாலும், செக்ரோலை விட்டுவிட்டு ஒப்பீட்டாளர் ஆய்வையே நான் தேர்வேன்.